ஆச்சிக்கு மறதி நோயா... ராத்திரி போடும் மாத்திரையா?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால், வாகைகுளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருகிற ஊர் புதுக்கோட்டை. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு. இது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாகக் கடந்துபோகும் புதுக்கோட்டை. உப்பளம், மீன்பிடி, துறைமுக வேலை என்று பிழைக்கும் இந்தக் கரையில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் ஓர் ஆச்சி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1964-ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலைப் பற்றிக் கேட்டால், அன்றைக்குத் தன் வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன சமைத்தார்கள் என்பதுவரை சொல்வார். புளிக்குழம்பில் கைப்பக்குவம் மாறவில்லை. ஆனால், காலையில் சென்னையிலிருந்து பேத்தி போனில் பேசியது சாயங்காலம் நினைவில் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார்.

"ஆச்சி, ராத்திரி மாத்திரை போட்டாச்சா?"

"போட்டேன்னுதான் நெனைக்கேன்... போடலையோ? இரு மக்கா, எதுக்கும் ஒண்ணு போட்டுக்கிடுதேன்."

மகன் செல்போனில் தேடிப்பார்த்து 'அல்சைமர்' என்ற சொல்லைக் கண்டு கலங்கிப்போகிறார். மருமகள் கேஸ் சிலிண்டரை ராத்திரியில் மூடிவைக்க ஆரம்பிக்கிறார். ஆனால், ஆச்சி போட்டதா போடவில்லையா என்று குழம்பிய அந்த மாத்திரை என்ன என்று யாரும் கேட்பதில்லை. தாத்தா இறந்த புதிதில், தூக்கமில்லாமல் தவித்தவருக்கு ஒரு டாக்டர் 15 நாளைக்கு என்று எழுதிக்கொடுத்தது அது. பழைய சீட்டையே காட்டி வாங்கி, மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மறதிக்கு அந்த மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. காரணம், மறதி அந்த மாத்திரையின் வேலையிலேயே அடங்கியிருக்கிறது.

எந்த மாத்திரை?

மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் நிறைய. தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, டென்ஷன் மாத்திரை, 'மனசுக்குப் போடுறது'. அட்டையின் பின்பக்கம் பார்த்தால் அல்பிரசோலம், டயசெபாம், லோரசெபாம், குளோனசெபாம், நைட்ரசெபாம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பெரும்பாலும் 'பாம்', 'லம்' என்று முடியும். எல்லாம் பென்சோடயசெபின் என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இந்தக் குடும்பம் பிறந்தது பாதி தற்செயலாக. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரோஷ் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர். ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவைவிட்டு வெளியேறிய யூதர். மன அமைதிக்கான மருந்து தேடி அவர் செய்த ஆராய்ச்சி பலிக்காமல் ஓரங்கட்டப்பட்டது. 1957-ல் ஆய்வக மேசையைச் சுத்தம் செய்தபோது, சோதிக்காமல் விட்ட ஒரு பொடி சக ஊழியரின் கண்ணில் பட்டது. தூக்கி எறிவதற்கு முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று அனுப்பினார்கள். அதுதான் 1960-ல் 'லிப்ரியம்' என்று கடைக்கு வந்தது. அதன் தம்பியான 'வேலியம்' 1963-ல் வந்தது. வேலியம் என்பது டயசெபாமின் வியாபாரப் பெயர். இந்தியாவில் அதே மருந்தை ரான்பாக்ஸி கம்பெனி 1960-களின் கடைசியில் 'காம்போஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியைத் தூக்கிவிட்ட மருந்தே அதுதான். அறுபது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்தப் பெயர் சட்டென்று ஞாபகம் வரும்.

அன்றைக்கு இதைக் கொண்டாடியதில் தப்பில்லை. அதற்கு முன்பிருந்த பார்பிட்யூரேட் வகைத் தூக்க மருந்துகளில் அளவு சற்றுக் கூடினாலே மூச்சு நின்றுபோகும் ஆபத்து இருந்தது. பழைய படங்களில் கதாநாயகி கையில் எடுக்கும் அந்தக் கண்ணாடிப் புட்டி அந்தக் காலத்துச் சரக்குதான். அதோடு ஒப்பிட்டால் புதிய மாத்திரை சாது. இன்றைக்கும் நிற்காமல் வரும் வலிப்பை நிறுத்த, குடியை விடும்போது வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க, அறுவை சிகிச்சைக்கு முன் பதற்றத்தைத் தணிக்க இவற்றைவிட்டால் வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டயசெபாம், லோரசெபாம், மிடசோலம் மூன்றும் இருக்கின்றன. சிக்கல் ஆரம்பிப்பது, பதினைந்து நாள் மாத்திரை மூன்று வருட மாத்திரையாக மாறும்போது.

மூளையின் பிரேக்

மூளையில் நரம்பணுக்களை முடுக்கிவிடும் ரசாயனங்களும் உண்டு, அடக்கிவைக்கும் ரசாயனங்களும் உண்டு. அடக்குவதில் முக்கியமானது 'காபா'. நரம்பணுவின் மேல் இதற்கென்று வாசல்கள் இருக்கின்றன. காபா வந்து உட்கார்ந்ததும் வாசல் திறக்கும். குளோரைடு உள்ளே பாயும். உப்பளத்து உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கிறதே, அதே குளோரைடுதான். அது உள்ளே போனதும் அந்த நரம்பணு சட்டென்று சமிக்ஞை அனுப்ப முடியாமல் அடங்கிப்போகும்.

பென்சோடயசெபின் மாத்திரை தானாக இந்த வாசலைத் திறப்பதில்லை. வாசலின் பக்கவாட்டில் ஓர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு காபா வந்து உட்காரும்போது வாசல் வழக்கத்தைவிட அடிக்கடி திறக்கிறது. லாரிக்காரர் பாஷையில் சொன்னால், மாத்திரை பிரேக்கை மிதிப்பதில்லை; லேசாக மிதித்தாலே கப்பென்று பிடிக்கும்படி செய்கிறது. மூளையில் இதற்கென்று தனி இடம் இருப்பது 1977-ல்தான் தெரியவந்தது. அதாவது, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே உலகம் பதினேழு வருடம் இந்தக் குடும்பத்து மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பிரேக் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிடிப்பதில்லை. பயத்தைக் கிளப்பும் பகுதியில் பிடித்தால் படபடப்பு குறைகிறது. விழிப்பைக் காக்கும் பகுதியில் பிடித்தால் தூக்கம் வருகிறது. தசையைக் கட்டுப்படுத்தும் பகுதியில் பிடித்தால் கால் தளர்கிறது. நினைவைப் பதியும் பகுதியில் பிடித்தால்?

காதுக்கு உள்ளே ஒரு கடல்குதிரை

மன்னார் வளைகுடாவில் வலை போடுகிறவர்களுக்குக் கடல்குதிரையைத் தெரியும். வலையில் சிக்கினால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தப் பெயர் நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருக்கிறது. காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரண்டு பக்கமும், வளைந்த சிறு பகுதி ஒன்று. 16-ம் நூற்றாண்டில் உடலை அறுத்துப் பார்த்த இத்தாலிய மருத்துவர் அரான்ஸி, அதன் வளைவைப் பார்த்துக் கடல்குதிரை என்ற பொருளில் 'ஹிப்போகாம்பஸ்' என்று பெயர் வைத்தார்.

இன்று நடந்தது நாளைக்கு நினைவில் இருக்க வேண்டுமானால், அது இந்தக் கடல்குதிரையைத் தாண்டித்தான் போக வேண்டும். காதில் விழுந்தது, கண்ணில் பட்டது எல்லாம் சில நொடிகள் மனதில் நிற்கும். அதில் எதை வைத்துக்கொள்வது என்று எடுத்துப் பதிவு போடுவது இதன் வேலை. காபா வாசல்கள் இங்கே ஏராளம். மாத்திரை போட்டவுடன் பதிவு போடும் கை தளர்கிறது.

இதை நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். வயிற்றில் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்குப் போனவரைக் கேளுங்கள். பல இடங்களில் அதற்கு முன் மிடசோலம் என்ற ஊசி போடுவார்கள். அதுவும் இதே குடும்பம். ஊசி போட்ட பிறகு அவர் டாக்டர் சொன்னபடி வாயைத் திறந்திருப்பார், திரும்பிப் படுத்திருப்பார், கேட்ட கேள்விக்குப் பதில்கூடச் சொல்லியிருப்பார். வெளியே வந்து, "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்பார். அந்த நேரத்தில் அவர் முழுதாகத் தூங்கவில்லை. நடந்தது பதிவாகவில்லை, அவ்வளவுதான். அங்கே அந்த மறதி ஒரு வரம். அதற்காகவேகூட அந்த ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே மறதி தினமும் சின்ன அளவில் வீட்டுக்குள் நடந்தால் அதை யாரும் வரம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். மாத்திரை பழைய நினைவை அழிப்பதில்லை. ஆய்வுகளில் ஒரு சொற்பட்டியலை மனப்பாடம் செய்யவைத்து, அதன் பிறகு மாத்திரை கொடுத்தால் அந்தச் சொற்கள் பத்திரமாக இருக்கின்றன. சில சோதனைகளில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நன்றாகவே நினைவுக்கு வருகின்றன. பின்னால் வந்து குழப்பும் புதிய செய்திகள் பதிவாகவில்லை என்பதால். மாத்திரை போட்ட பிறகு காட்டிய பட்டியல்தான் காணாமல்போகிறது. கைவேலைப் பழக்கமும் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆச்சிக்கு 1964 புயலும் புளிக்குழம்பும் இருக்க, காலையில் வந்த போன் மட்டும் தொலைந்துபோவது இப்படித்தான்.

குழப்பம் என்னவென்றால், அல்சைமர் நோயின் தொடக்கமும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வரும். அதனால்தான் வீட்டுக்காரர்களால் பிரித்தறிய முடிவதில்லை.

தனக்கே தெரியாது

நினைவுக்கு முந்திய படி கவனம். கவனிக்காத எதுவும் பதிவாகாது. மாத்திரை அங்கேயும் கை வைக்கிறது. ஒரே வேலையை நீண்ட நேரம் விழிப்போடு கவனிப்பது, இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்ப்பது, சட்டென்று எதிரில் வந்ததற்குக் கையோ காலோ அசைவது - மூன்றும் மந்தமாகின்றன.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பரிட்சை எனக்குப் பிடித்தது. ஆய்வகத்தில் பொத்தான் அமுக்கச் சொல்லாமல், மாத்திரை போட்டவரை உண்மையான நெடுஞ்சாலையில் கார் ஓட்டச் சொன்னார்கள். 100 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 95 கிலோமீட்டர் வேகம். பக்கத்தில் தனிப் பிரேக்கோடு பயிற்சியாளர். காரில் இருக்கும் கேமரா, வண்டி தன் தடத்துக்குள் எவ்வளவு அலைபாய்கிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும். முந்தின இரவு போட்ட சில தூக்க மாத்திரைகள்கூட மறுநாள் வண்டியை அலையவைத்தன. சில மருந்துகளில் அந்த அலைச்சல், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு ஈடாக இருந்தது. ஓட்டியவர்களில் பலர், தாங்கள் நன்றாகத்தான் ஓட்டியதாக நினைத்தார்கள்.

கண்ணாடியில் பனி படர்ந்தால் ஓட்டுநருக்குத் தெரியும், துடைப்பார். பார்க்கும் கண்ணிலேயே படர்ந்தால் எப்படித் தெரியும்? துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் இந்தச் சாலையில் ஏறும் ஒருவர், ராத்திரி இரண்டு மணி நேரமாவது தூங்க வேண்டுமே என்று போட்டுக்கொண்ட மாத்திரை, வாகைகுளம் டோல்கேட்டைத் தாண்டும்போதும் ரத்தத்தில் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு மதுவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு எந்த மருந்தின் பிடியில் இருந்தாலும் அது குற்றம்.

பழகிப்போனால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. முதல் சில நாள் வரும் தூக்கக் கலக்கம் சில வாரங்களில் குறைந்துவிடுகிறது. நினைவின் மேல் விழும் அடி அதே வேகத்தில் குறைவதில்லை. ஆள் தெளிவாக நடமாடுவார், பேசுவார். பதிவு மட்டும் ஓட்டையாக இருக்கும். அதனால்தான் யாருக்கும் மாத்திரையின் மேல் சந்தேகம் வருவதில்லை.

பரீட்சை பயத்துக்கு வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குப் பாதி உடைத்துக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயம் குறையும். அதன் பிறகு படிக்கும் பாடமும் ஒட்டாது.

பயத்தைப் போக்கி, நினைவைத் தொடாத ஒரு மாத்திரை செய்ய முடியாதா? செய்ய முடியும் என்ற நம்பிக்கை 1999-ல் ஸூரிக் பல்கலைக்கழகத்தில் வந்தது. காபா வாசல்களில் பல ரகம் உண்டு. ஒரு ரக வாசலில் மட்டும் டயசெபாம் ஒட்ட முடியாதபடி மாற்றிய எலிகளை வளர்த்தார்கள். மருந்து கொடுத்தபோது அந்த எலிகளுக்கு மந்தம் வரவில்லை, மறதி வரவில்லை. பயம் மட்டும் குறைந்தது. பயம் குறைவது வேறொரு ரக வாசல் வழியாக என்று அடுத்த வருடம் தெரிந்தது. அந்த ஒரு வாசலை மட்டும் தட்டும் மருந்துக்காக உலகம் முழுக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். புதுக்கோட்டை மெடிக்கல் ஷாப்பில் இன்றைக்குக் கிடைப்பது எல்லா வாசலையும் தட்டும் பழைய மாத்திரைதான்.

வயதானால் ஏன் கூடுதல் ஆபத்து?

இளைஞர் ஒருவருக்கு ஒரு டயசெபாம் மாத்திரையில் பாதி வெளியேற ஒன்றிரண்டு நாள் ஆகும். அது உடைந்து உண்டாகும் இன்னொரு பொருளும் அதே வேலையைச் செய்யும். அது போக இன்னும் சில நாள். வயதாக வயதாகக் கல்லீரல் மெதுவாகிறது. உடலில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்து கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. நேற்றைய மாத்திரை போகுமுன் இன்றைய மாத்திரை வருகிறது. வாளியில் ஓட்டை சின்னதாகிவிட்டது, குழாய் மட்டும் அதே வேகத்தில் திறந்திருக்கிறது.

இதில் மறதியைவிட உடனடி ஆபத்து, விழுவது. நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, கால் தடுமாறி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்கள் எத்தனை குடும்பங்களில்! அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991-ல் வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் போட்டார். இன்றும் அதைப் புதுப்பித்து வெளியிடுகிறார்கள். பென்சோடயசெபின் அதில் நீங்காத இடம் பிடித்திருக்கிறது.

இந்த மாத்திரை நிஜமான அல்சைமர் நோயையே வரவழைக்குமா? 2014-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பதிவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு, நீண்ட நாள் போட்டவர்களுக்கு அந்த நோய் அதிகம் என்றது. செய்தித்தாள்கள் அலறின. 2016-ல் அமெரிக்காவில் வந்த இன்னொரு பெரிய ஆய்வு அப்படி எதையும் காணவில்லை. அல்சைமர் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே தூக்கம் கெடும், பதற்றம் வரும். அதற்காக மாத்திரை ஆரம்பித்திருப்பார்கள். அப்படியென்றால் மாத்திரையா நோயைக் கொண்டுவந்தது, நோயா மாத்திரையைக் கொண்டுவந்தது? எனக்கு இந்தப் பயமுறுத்தலில் உடன்பாடில்லை. மாத்திரை போடும் காலத்தில் வரும் மறதி நிச்சயமானது. அதைச் சொல்லவே போதுமான ஆதாரம் இருக்கிறது.

மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, காது மந்தம், வெளியே தெரியாத மனச்சோர்வு, சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில பழைய மாத்திரைகள். 'வயசாயிட்டு, அப்படித்தான்' என்று விடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடலாம். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை.

நிறுத்திவிடாதீர்கள்!

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே அட்டையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்: தினமும் போட்டுவந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மாத்திரை தினமும் பிரேக்கைக் கூராக்கிக்கொண்டே இருந்தால், மூளை தன் பங்குக்குப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. ஒருநாள் மாத்திரை வராவிட்டால்? தளர்ந்த பிரேக் மட்டும் மிச்சம். தூக்கம் சுத்தமாகப் போகும், கை நடுங்கும், வியர்க்கும், பழைய பதற்றம் இரட்டிப்பாக வரும். சிலருக்கு வலிப்பே வரும். 'பாத்தியா, மாத்திரை இல்லாம இருக்க முடியல, அப்ப எனக்கு அது வேணும்தானே' என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அது பழைய நோய் இல்லை, மாத்திரை விட்டுப்போன வெற்றிடம்.

மாத்திரை இல்லாதபோது என்ன ஆகும் என்பதை இன்னொரு மாநிலம் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. தெலங்கானாவில் ஹைதராபாத், நிஜாமாபாத் பக்கங்களில் தண்ணீர் கலந்த கள்ளுக்குப் போதை ஏற்ற அல்பிரசோலம், டயசெபாம் பொடிகளைக் கலக்கும் வழக்கம் பல வருடங்களாக உண்டு. அரசு சோதனையை இறுக்கிக் கள்ளுக்கடைகள் மூடப்படும் நாட்களில், தினமும் குடித்தவர்கள் நடுக்கம், பிதற்றல், வலிப்பு என்று அரசு மருத்துவமனைகளில் குவிந்த செய்திகள் வந்தன. தாங்கள் குடித்தது கள்ளா மாத்திரையா என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து என்பது தனிக் கதை. ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு 'தூக்கம் வரல' என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைத் தேடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய தேசிய ஆய்வின் முடிவு வெளியானது. டாக்டர் சீட்டு இல்லாமலோ, மருத்துவத் தேவை இல்லாமலோ தூக்க, மயக்க மருந்துகளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தியாவில் சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர் என்றது அது. சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம் எல்லாம் 'ஹெச்1' அட்டவணையில் இருக்கின்றன. விற்கும்போது எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். தெரிந்த கடைக்காரர், தெரிந்த ஆச்சி, பழைய சீட்டு என்று வரும்போது அந்தக் கட்டம் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு சின்னப் புத்தகம் செய்த வேலை

நிறுத்த முடியுமா என்றால், முடியும். கியூபெக்கில் 2014-ல் வெளியான ஒரு சோதனை இதில் சுவாரஸ்யமானது. நீண்ட நாளாக இந்த மாத்திரை போடும் 65 வயது தாண்டிய 303 பேர். ஒரு பாதிப் பேருக்கு வீட்டுக்கே ஒரு கையேடு அனுப்பினார்கள். மாத்திரை என்ன செய்கிறது, ஏன் விழ நேர்கிறது, ஏன் மறக்கிறது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று எளிமையாக எழுதி, உங்கள் டாக்டரிடமும் மருந்தாளரிடமும் பேசுங்கள் என்று சொன்னது அது. அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கையேடு கிடைத்தவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுதாக விட்டிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 5 சதவீதம். அனுப்பியது வெறும் தகவல். பெற்றுக்கொண்டவர்களில் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களும் உண்டு. பெரியவர்களுக்குச் சொன்னால் புரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

குறைப்பது எப்படி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை, இந்த மாத்திரையிலிருந்து மக்களை மீட்பதற்கென்றே பன்னிரண்டு வருடம் ஒரு கிளினிக் நடத்தினார். அவருடைய வழி, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக, ஆளுக்கு ஏற்ற வேகத்தில் குறைப்பது. 2025-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில் தொடங்கலாம். மூன்று வருடம் போட்டவருக்குப் பல மாதங்கள் ஆகலாம். நடுவில் நாலு நாள் தூக்கம் கெடும். அந்த நாட்களில் 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று குத்திக்காட்டாத குடும்பம் பாதி மருந்து.

விட்ட பிறகு நினைவு திரும்புமா? நீண்ட நாள் போட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், விட்ட பிறகு முன்னேற்றம் தெரிவதாகச் சொல்கிறார்கள். ஆனால், ஆறு மாதம் கழித்தும் போடாதவர்களின் அளவுக்கு முழுதாக வந்துசேரவில்லை. மெதுவாகத்தான் வரும் என்று எதிர்பார்ப்பது நல்லது. மாத்திரை போட்ட காலத்தில் பதிவாகாமல் போன நாட்கள் திரும்பி வராது; அவை எழுதப்படவே இல்லை.

பதற்றம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, இந்த மாவட்டத்தின் பல ஊர்கள் வெள்ளத்தில் நின்றதே, அதைப் பார்த்தவர்களுக்கு மேகம் கறுத்தால் மனம் பதறத்தான் செய்யும். கடலுக்குப் போன மகன் திரும்புவானா என்ற கவலைக்கு எந்த மாத்திரையும் நியாயமான பதில் இல்லை. நீண்ட நாள் பதற்றத்துக்கு, பழக்கத்துக்கு அடிமைப்படுத்தாத வேறு மருந்துகள் இருக்கின்றன. அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்பதால், அந்த இடைவெளிக்குத்தான் இந்த மாத்திரையைப் பல டாக்டர்கள் எழுதுகிறார்கள். தூக்கமின்மைக்கு, படுக்கும் பழக்கத்தையும் எண்ணங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சைதான் முதல் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது.

முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ராத்திரி மாத்திரை மட்டுமில்லை. பிரஷர், சுகர், வலி, சளி எல்லாமும். கூடவே ஒரு தாளில், எந்த மாத்திரையை எந்த வருடத்திலிருந்து போடுகிறார், மறதி எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.